காற்றுக்கு ஒதுங்கிய வண்டி

டில்லிபாபு எங்கள் தெருக்கோடியில் இருப்பவன். திருவொற்றியூர்க் கரையில் பிறந்து, அந்தக் கரையிலிருந்தே ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய், ஐம்பது வயதைத் தாண்டியவன். நான் சுங்கச்சாவடிக்கும் எண்ணூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சாயங்காலம் டீக்கடையில் சேர்ந்தால் ஒருவன் தொழிலை ஒருவன் மட்டம் தட்டிப் பேசுவோம். "ரோடு இன்னா மாமு ரோடு, போட்ட எட்த்துலயே கெடக்குது. கடலு அப்டியா?" என்பான். கடலில் குண்டும் குழியும் இல்லை என்பதால்தான் அவனுக்கு இந்தத் திமிர் என்று நான் சொல்வேன்.

அவன் மனைவி புஷ்பவல்லி. எக்ஸ்பிரஸ் ரோட்டு ஓரத்தில் அன்னக்கூடை வைத்து மீன் விற்றே பாதி ஆயுளைக் கழித்தவள். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் அவள் மூக்குக்கு நேராக நின்று நின்றுதான் நகரும். பீடி, சிகரெட் என்று எதையும் தொட்டதில்லை. ஆனாலும் நுரையீரல் சுருங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மல்லாந்து படுத்தால் மூச்சு நிற்கும். மூன்று தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து, உட்கார்ந்த மாதிரியேதான் தூங்குவாள். சண்டை போடுவதற்குக்கூட மூச்சு போதாது என்பதில்தான் அவளுக்கு வருத்தம் அதிகம். சண்டைக்காரி அவள்.

ஆஸ்பத்திரியில் ஃப்ளோரன்ஸ் என்று ஒரு நர்ஸம்மா. நல்ல மனுஷி. டில்லியைத் தனியாக அழைத்து, "மருந்து கொஞ்சம் புடிச்சு நிறுத்தும்பா, அவ்ளோதான். நல்ல காத்து இருக்கிற எடமாப் பார்த்து வெச்சுக்கோ. இனிமே அதுதான் வைத்தியம்" என்று சொல்லியிருக்கிறார்.

நல்ல காற்றாம். எங்கள் ஊரில். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. டில்லி மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். காரணம், காற்று அவனுக்குத் தெரிந்த விஷயம். வடக்கிலிருந்து வாடைக்காற்று வந்தால் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வரும், கொடியில் காயும் துணியைத் தட்டினால் தெரியும். விடிகிற நேரம் மேற்கிலிருந்து கரைக்காற்று அடித்தால் மணலிப் பக்கத்து ஆலைகளின் நெடி, அதோடு கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை. மத்தியானத்துக்கு மேல் கிழக்கே திரும்பிவிட்டால் கடல்காற்று, சுத்தம். இதையெல்லாம் அவன் தோலில் படுவதை வைத்தே சொல்லிவிடுவான்.

"காத்து எப்பவுமே கலீஜ் இல்ல மாமு. ஒரு நேரம் இங்க நல்லா கீது, ஒரு நேரம் அங்க நல்லா கீது. நம்ம தான் ஒரே எட்த்துல குந்திகினு கீறோம்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் வினை.

முதலில் வாடகை வீடு பார்த்தான். தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறை கிடைத்தது. மூட்டையை இறக்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, வீட்டுக்காரம்மா படியேறி வந்து, "இந்த இருமலு எனக்குப் பயமா கீதுப்பா, வூட்ல கொயந்தைங்க கீது" என்றாள். தொற்று நோய் இல்லை என்று டில்லி சத்தியம் செய்தான். கொரோனா வந்து போன பிறகு இருமலுக்குச் சத்தியம் எடுபடுவதில்லை. எம்.கே.பி. நகரில் ஒரு தோஸ்து இடம் கொடுத்தான். அங்கே பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள், பிறகு தோஸ்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பவும் பழைய வீட்டுக்கே வந்தார்கள். வந்த மறுநாளே மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தது. அன்று விடியற்காலை என் ஆட்டோவில்தான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உதடு நீலமாகிப்போயிருந்தது. டில்லி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வந்துடு, வந்துடு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். எங்கிருந்து எங்கே வரச் சொன்னான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. ஒரு வண்டியின் நிழலில் வடநாட்டு டிரைவர் ஒருவன் ஸ்டவ் பற்றவைத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தான். மேலே கேபினில் அவன் துணி காய்ந்தது, சாமி படத்துக்கு ஊதுவத்தி எரிந்தது. டில்லி ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமு, அவன் வூடு கூடவே வருது பாரு."

நான் டிரைவர். அது வீடு இல்லை, வேறு வழியில்லாமல் படுத்துக் கிடக்கிற இடம் என்று எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் புஷ்பவல்லி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நான் ஆட்டோவை எடுத்தேன்.

மறுவாரம் நாங்கள் மூன்று பேரும் புளியந்தோப்பில் சௌக்கத் அலி பாயின் யார்டுக்குப் போனோம். பழைய வண்டிகளை வாங்கி, உடைப்பதை உடைத்து, ஓடுவதை விற்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "வூட்ல ஒரு காலு, வண்டில ஒரு காலா? வா நைனா, எல்லா டைப்பும் கீது" என்றார்.

முதலில் காட்டியது ஆம்னி வேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்தால் படுக்கை ரெடி, சந்து பொந்தெல்லாம் நுழையும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றார். டில்லி உள்ளே நுழைந்து படுத்துப் பார்த்தான். இரண்டு கால்களும் கதவுக்கு வெளியே நீண்டன.

"காலு வெளிய இருந்தா இன்னா, தூங்கறது தல தானே?" என்றார் பாய்.

"எனக்கு செரி பாய். இது குந்திகினே தூங்கும். தல இடிக்கும்" என்றான் டில்லி, புஷ்பவல்லியைக் காட்டி. புஷ்பவல்லி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சவப்பெட்டியில் போகிற காலம் வரும்போது போகலாம் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

அடுத்தது கண்டெய்னரை அறுத்துச் செய்த வீடு. ஜன்னல், ஃபேன், தரைக்கு டைல்ஸ் மாதிரி ஷீட், எல்லாம் இருந்தது. வெயிலில் அதன் சுவரைத் தொட்ட கையை உதறிக்கொண்டேன். டிரெய்லர் வைத்து இழுத்தால்தான் நகரும் என்றதும் டில்லி, "நவுராத வூடு தான் ஏற்கனவே கீதே பாய்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டான்.

மூன்றாவதைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. ஷூட்டிங்குக்கு ஓடி ஓய்ந்த கேரவன். உள்ளே ஏசி, மெத்தை வைத்த பெஞ்சு, சின்னதாக ஒரு பாத்ரூம். அவளுக்குப் பாத்ரூம் பெரிய விஷயம். ஒரு பக்கம் பூராவும் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிக் குண்டு பல்புகள். பாய் ஜெனரேட்டரைப் போட்டார். பாதி பல்புகள் எரிந்தன. புஷ்பவல்லி கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"இன்னாய்யா, எனுக்கு எப்போ ஷூட்டிங்கு?"

பிறகு முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிதான் உண்டு. கன்னமும் கழுத்துக்குழியும் மொத்தமாக வெளிச்சத்தில் தெரிவதை அன்றுதான் பார்க்கிறாள் போல. "நான் இப்டியா கீறேன்?" என்று கேட்டாள். டில்லி ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னான்.

நான் விடவில்லை. "இதான் செரி டில்லி. கதவ மூடினா வெளிக்காத்தே உள்ள வராது. எந்தப் பக்கம் அடிச்சா இன்னா?"

"உள்ள கீற காத்து எங்கேர்ந்து வருது மாமு?"

"வெளியேர்ந்துதான்."

"அப்போ?"

 நிறுத்திய ஜெனரேட்டரின் மிச்சப் புகையும் பின் ஜன்னல் வழியாக நேரே மெத்தைக்குத்தான் வந்தது. புஷ்பவல்லி இருமிக்கொண்டே இறங்கினாள்.

கடைசியில் ஒரு பள்ளிக்கூட வேன். மஞ்சள் பெயின்ட் வெளுத்து, பள்ளிக்கூடத்தின் பெயரை அழித்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல்கள். நிமிர்ந்து நிற்கலாம். டில்லி அதைப் பார்த்த முறையை நான் மறக்கமாட்டேன். இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் மண்ணில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் புகுந்து, தகரத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தான். தண்ணீர் எங்கே ஏறும் என்று பார்க்கிறானாம். தண்ணீர் கீழேயிருந்து வருவது கடலில். தரையில் மேலேயிருந்து வரும். கூரையை அவன் பார்க்கவே இல்லை. முதல் மழையில் படுக்கை நனைந்தபோதுதான் அது எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது.

"நீ சொல்லு. எது?" என்று அவளைக் கேட்டான்.

"எரியற கொள்ளில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?" என்றாள். ஆனால் வேனில் ஏறி, கிழக்குப் பக்கத்து ஜன்னலைத் தள்ளித் திறந்து, முகத்தை வெளியே நீட்டினாள். மத்தியானம் தாண்டியிருந்தது, கடல்காற்று அவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "இதுவே இருக்கட்டும்" என்றாள்.

போட் இன்ஜினை விற்றுத்தான் வாங்கினான். இன்ஜின் இல்லாத போட் கரையில் கவிழ்ந்து கிடந்தது. தொழில் போனாலும் அவள் மூச்சு நிலைக்கட்டும் என்று கணக்குப் போட்டான். நான் தடுக்கவில்லை. தடுத்தாலும் கேட்கிற ஆள் இல்லை.

சீட்டுகளைக் கழற்றினோம். சாய்ந்து உட்கார வாகாகப் பலகை அடித்தோம். நெபுலைசர் மிஷினுக்கு பேட்டரியிலிருந்து கனெக்‌ஷன், ஓரமாக ஸ்டவ், தண்ணீர் கேன், திரை போட்டு மறைத்த ஒரு மூலை. பிறகு அவனுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கூத்தைக் கேளுங்கள். போட்டில் இன்ஜின் கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் மூக்கு வலது பக்கம் திரும்பும். முப்பது வருஷப் பழக்கம். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் கை எதிர்ப்பக்கம்தான் போனது. விம்கோ நகரில் ஒரு பழைய கம்பெனி காம்பவுண்டு சுவரில் நேராகக் கொண்டுபோய் முட்டினான். "சொவுரு தான் மாமு குறுக்க வந்துச்சி" என்றான். பின்னால் புஷ்பவல்லி தலையணையில் சாய்ந்தபடி, "நல்லா கத்துக் குடு ஜெயவேலண்ணே, இருமி சாவறதுக்கு முன்ன இடிச்சி சாவடிச்சிடப் போறாரு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். எப்படியோ ஓட்டக் கற்றான், லைசென்சும் வாங்கினான்.

முதல் நாள் ராயபுரம் பக்கம், கடலைப் பார்த்த ஒரு ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். கொண்டல்காற்று கிழக்கிலிருந்து நிதானமாக வந்தது. நானும் போயிருந்தேன். அவளே நெத்திலி கேட்டாள், வறுத்துக் கொடுத்தோம், தட்டைக் காலி செய்தாள். பிறகு ஒரு தலையணையை எடுத்துக் கீழே போட்டாள். இரண்டே தலையணையில் சாய்ந்து தூங்கினாள். டில்லி என் தோளைத் தொட்டுக் காட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். இந்தப் பைத்தியக்காரன் ஜெயித்துவிட்டான் என்று அன்று நான் நம்பினேன்.

பொழுது சாய்கிற நேரம் ஜன்னல் தகரத்தைக் கம்பால் தட்டினார்கள். பக்கத்து கோடவுன் வாட்ச்மேன். "கேட்டுக்கு எதுர்ல நிறுத்தாத, வண்டிய எடு."

டில்லி இறங்கிப் போய், சொந்தக்காரனிடம் பேசுகிற மாதிரி, "ஒண்ணும் இல்ல நைனா, காத்துக்கு ஒதுங்கிகினு கீறோம். மாறினதும் போயிடுவோம்" என்றான்.

இந்த வார்த்தையை நான் விளக்க வேண்டும். கடலில் காற்று முற்றிவிட்டால் போட் தன் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும் என்பதில்லை. கிட்டே எந்தக் கரையோ அங்கே ஏறலாம். அந்தக் குப்பத்துக்காரன் யார், என்ன என்று கேட்கமாட்டான். தண்ணீரில் இறங்கிக் கை கொடுத்து இழுத்துப் போடுவான், சோறும் போடுவான். காற்றுக்கு ஒதுங்கினோம் என்றால் போதும். பகை ஊர்க்காரனாக இருந்தாலும் அன்றைக்குப் பகை கிடையாது. இது டில்லிக்கு மூச்சு விடுவது மாதிரி இயல்பான விஷயம். ரோட்டோரமும் ஒரு கரைதான் என்று அவன் நினைத்துவிட்டான். நிற்கிற இடம் என்று ஒன்று வேண்டுமே என்று அவனும் யோசிக்கவில்லை, பகலெல்லாம் ஆட்டோவை நிறுத்தி வாங்கிக் கட்டிக்கொள்கிற நானும் யோசிக்கவில்லை. எந்த வண்டி என்று நாலு வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். எங்கே நிறுத்துவது என்று ஒருத்தரும் பேசவில்லை.

வாட்ச்மேன், "இன்னாது, காத்தா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். டில்லி வண்டியை எடுத்தான். எழுப்பிய வேகத்தில் புஷ்பவல்லிக்கு இழுப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதே கதைதான். தண்டையார்பேட்டையில் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் ஃபோட்டோ பிடித்து ஏதோ குரூப்பில் போட்டார்கள். குழந்தை கடத்துகிறவன் வண்டி என்று எவனோ கிளப்பிவிட, ஜனம் கூடிவிட்டது. கோயில் தெருவில் தேர் வரும் வழி என்றார்கள். ஒரு டிபன் கடைக்காரன் வெந்நீரை ஊற்றுவேன் என்றான். ஒரு போலீஸ்காரர் வண்டியைச் சுற்றி வந்து, உள்ளே ஸ்டவ்வையும் படுக்கையையும் பார்த்துவிட்டு, "இது இன்னா, வண்டியா, வூடா? வண்டின்னா ஓட்டிகினு போ. வூடுன்னா பட்டா காட்டு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பின்னால் நின்ற டிரெய்லர் வரிசை அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் டில்லி காற்றுக்கு ஒதுங்கினதாகச் சொன்னான். ஒவ்வொரு இடத்திலும் ஜன்னலைத் தட்டினார்கள்.

தட்டினால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். எழுந்தால் இருமல், இருமினால் இழுப்பு, இழுத்தால் மிஷின். நல்ல காற்று அடிக்கிற இடமெல்லாம் ஏற்கனவே யாரோ பிடித்துக்கொண்ட இடம். எனக்கு ஊர் மேலேயே வயிறு எரிந்தது. அத்தனை அகல ரோட்டில் ஒரு பொம்பளை படுத்து மூச்சு விட ஒரு வேன் நீளத்துக்கு இடம் இல்லையா?

டில்லியை உடைத்தது இதெல்லாம் இல்லை. வடக்கே ஒரு குப்பம். முன்பு ஒரு புயலில் அவன் போட் அங்கேதான் ஒதுங்கியது. அந்த ஊர் நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், அன்று தன் வீட்டில் அவனைப் படுக்கவைத்துக் கஞ்சி கொடுத்தவர். அங்கே போனால் தட்டமாட்டார்கள் என்று உறுதியாக நம்பிப் போனான். நானும் கூட இருந்தேன். கரையோரமாக, வலை உலர்த்துகிற மணலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினான். நாட்டாரே வந்தார். டில்லியை அடையாளம் கண்டு தோளைப் பிடித்தார். டீ வந்தது. பிறகு அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். புஷ்பவல்லி மிஷினைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் குரல் இறங்கிவிட்டது.

"போட்டா இருந்தா நானே எறங்கி இஸ்து வுட்டிருப்பேன் டில்லி. இது வண்டி. அதுல சீக்காளிய வெச்சிகினு கீற. பொம்பளைங்க பேஜாரு பண்றாங்க. எப்போ போவன்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?"

"காத்து மாறினா போயிடுவேன் நாட்டாரே."

"எந்தக் காத்து? அது தான் தெனமும் மாறுதே."

டில்லி டீ டம்ளரைக் கீழே வைத்தான். பாதி டீ அப்படியே இருந்தது.  அன்றிலிருந்து யாரிடமும் காற்றுக்கு ஒதுங்கினோம் என்று அவன் சொல்லி நான் கேட்கவில்லை. தட்டினால் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

கொஞ்ச காலம் கண்ணிலேயே படவில்லை. ஃபோன் போட்டால், "கீறோம் மாமு, கீறோம்" என்று வைத்துவிடுவான். மார்கழியில் ஒரு நாள் காலையில் விடாப்பிடியாகக் கேட்டேன். கொடுங்கையூர் என்றான்.  சவாரியை இறக்கிவிட்டு நேராகப் போனேன்.

குப்பைமேட்டை ஒட்டிய ரோட்டில், குப்பை லாரிகள் திரும்பி உள்ளே நுழைகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், வேன் நின்றது. மேல்காற்று. புகை சரிந்து வந்து வண்டி மேலேயே படிந்துகொண்டிருந்தது. எனக்கே தொண்டை கரித்தது. டில்லி கீழே உட்கார்ந்து, நனைத்த துணியைப் பிழிந்து, எழுந்து எழுந்து ஒவ்வொரு ஜன்னல் இடுக்கிலும் அடைத்துக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

நான் கத்தினேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஊர்ல இல்லாத எடமா? காத்து காத்துன்னு தொழில வித்துட்டு இங்க கொண்டாந்து வெச்சிகினு கீறியே, நீயெல்லாம் மனுசனா?"

அவன் அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தான். சாவி வண்டியிலேயே இருந்தது. நான் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணக் கை வைத்தேன்.

"எறங்குண்ணே."

புஷ்பவல்லியின் குரல் காற்றாகத்தான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். முன்னே பார்த்ததில் பாதிதான் இருந்தாள். ஈர முந்தானையை மூக்கில் வைத்திருந்தாள்.

"எங்க இட்டுகினு போவ?" ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நான் காத்திருக்க வேண்டியிருந்தது. "எங்க போனாலும் தட்டுவான். இங்க ஒருத்தனும் தட்டலண்ணே. இந்த எடம் யாருக்கும் வாணாம். நான் இங்க வந்து தான் முழுசா தூங்கறேன்."

"வூட்டுக்கே வந்துடுங்க தங்கச்சி. இதுக்கு அது மேல் இல்லையா?"

அவள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். டில்லி துணியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"அங்கயும் இதே காத்து தானே. அங்க வந்தா தெருவே வந்து கேக்கும், வண்டி வாங்கினியே, இன்னாத்த கிழிச்சன்னு. இவரு ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்லிகினே நிப்பாரு. இனிமேட்டு எத்தினி நாளு எனுக்கு? அத்த நான் கண்ணால பாக்க வாணாம்ணே. எறங்கு."

ஊரையே அடக்குகிற மாதிரி சண்டை போட்டவள், கெஞ்சிக் கேட்டாள். நான் சாவியை எடுக்காமல் இறங்கினேன். இறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க முடியவில்லை.

டில்லியின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவள் இழுத்து இழுத்து விட்ட மூச்சு சீரானது. கத்தினதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்து ஏதோ பேச ஆரம்பித்தேன். அவன் உதட்டில் விரல் வைத்தான்.

"மெல்ல பேசு மாமு. தூங்குது."

குப்பை லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அந்தத் திருப்பத்தில் எப்போதும் காது கிழிய ஹாரன் அடிப்பார்கள், எனக்குத் தெரியும். அன்று ஒரு லாரியும் அடிக்கவில்லை. ஒவ்வொன்றும் வேன் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, சத்தமில்லாமல் ஊர்ந்து போனது. நான் ஆச்சரியமாக டில்லியைப் பார்த்தேன்.

"நான் கேக்கல மாமு" என்றான். "மொத நாளு ஒரு டிரைவரு எறங்கி வந்து, உள்ள யாருன்னு கேட்டான். சீக்காளின்னேன். அவ்ளோதான். அதுலேர்ந்து ஒருத்தனும் அடிக்கறதில்ல."

அடுத்த லாரியும் அப்படியே போனது. அதன் புகை வேனுக்குள் போயிற்று. அவள் தூக்கம் கலையவில்லை.